முற்றும் எச்சமும்: ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சி பற்றிய படிப்போர் கருத்துகள்

புதினத்தை ஆராய்வோர் நூலாசிரியனை நோக்குவர். நூலின் அமைப்பை நோக்குவர். நூல் எழுந்த காலத்தையும் நோக்குவர். படிப்போரை நோக்குவார் சிலரே. வார இதழில் ஒரு கதையைத் தொடர்ந்து படித்தோர் அதனைப்பற்றிக் கொண்ட கருத்தை ஆராய்ச்சிக்குரிய சான்றாகக் கொள்வாரோ மிகச் சிலர். “படிப்போர் விரும்புவது மேலும் ஒரு கதை, திறனாய்வாளர் விரும்புவது நல்ல கதை” என்று இருவரையும் பிரித்து வைத்துவிடுதல் எளிது. அப்பிரிவு முற்றும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையில் யாம் நிறுவ விழைவது. ஒரு நூலுக்குத் தொடர்ச்சி வேண்டும் என்று படிப்போர் கேட்கும்போதும், வந்த தொடர்ச்சி தம் உளத்துக்கு ஒவ்வவில்லை என்று அவர் கூறும்போதும், முதல்நூலின் இயல்பைப் பற்றிய ஓர் உண்மையையே அவர் தம்மை அறியாமல் உரைக்கின்றனர். அவ்வுண்மையைப் பிரித்தெடுத்துப் பெயரிடுதல் திறனாய்வாளர் கடன்.

இதற்குச் சான்றாகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்னும் புதினத்தையும், அதன்பின் எழுந்த தொடர்நூல்களையும் எடுத்துக்கொள்வோம். இங்குத் ‘தொடர்நூல்’ என்பது, இதழில் வாரந்தோறும் வரும் தொடர்கதையைக் குறியாது. முடிந்த ஒரு நூலின் கதையை மேற்கொண்டு நடத்தும் மற்றொரு நூலையே குறிக்கும்.

பள்ளத்தூரில் கண்டவை

காரைக்குடிக்கு அண்மையில், கோட்டையூரையும் கானாடுகாத்தானையும் அடுத்துள்ளது பள்ளத்தூர். நகரத்தார் ஊர்களுள் ஒன்றாகிய அவ்வூரில் ஒரு பழைய வீட்டின் பெட்டகத்துள் இருந்த சில தொகுதிகளைக் காணும் வாய்ப்பு எமக்கு அண்மையில் கிடைத்தது. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களை வாரந்தோறும் பிரித்தெடுத்து, அடுக்கித் தைத்து, கெட்டி அட்டையிட்டு வைத்த தொகுதிகள் அவை. அக்காலத்தில் தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இவ்வழக்கம் இருந்தது. எம் கருத்தை ஈர்த்தவை பக்கங்களின் ஓரத்தில் இருந்த குறிப்புகள். ஒரே தொகுதியை வீட்டார் பலரும், இரவல் பெற்ற அண்டை வீட்டாரும் படித்திருத்தல் வேண்டும். எழுத்துகள் நால்வர் கையாகத் தோன்றின.

ஒரு கை, ஆதித்த கரிகாலன் இறந்துபடும் இடத்தில், கொன்றவர் யார் என்று வினவுகிறது. அவ்வினாவை இறுதிப் பகுதியில் மேலும் மூன்று இடங்களில் எழுப்புகிறது. மற்றொரு கை, வந்தியத்தேவனுக்கும் இளைய பிராட்டிக்கும் மணம் நிகழ்ந்ததைக் காட்டாமல் கதையை நிறுத்தியது முறையன்று என்கிறது. மூன்றாவது கை, அருள்மொழிவர்மன் முடிசூடாமல் கதை எப்படி முடியும் என்று கேட்கிறது. நான்காவது கை எதுவும் எழுதவில்லை. மணிமேகலை உயிர் துறக்கும் இறுதி இயலின் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறது.

அக்கோட்டை இழுத்தவர் தாமே என்றார், எண்பத்தைந்து அகவையைக் கடந்த அவ்வீட்டு ஆச்சி. தொடர்ச்சியாக வந்த நூல்களையும் அவர் படித்திருந்தார். அவை கேட்ட வினாவுக்கு விடை சொல்லின என்றும், ஆனால் அவற்றில் பேசுகின்றவர் தாம் அறிந்த வந்தியத்தேவர் அல்லர் என்றும் கூறினார். கதை முடியவில்லை எனப் பலர் குறைபட்டதை யாம் நினைவூட்டியபோது, “முடியலைன்னு யார் சொன்னா? அழுதாச்சுல்ல” என்றார். இவ்விடையை யாம் எளிதாகக் கடந்து வர இயலவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவ்விடைக்கு எழுதிய உரையே.

ஆசிரியரும் படிப்போரும்

பள்ளத்தூர்த் தொகுதியின் ஓரத்தில் எழுந்த வினாக்கள் அவ்வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. கதை முடிந்தவுடன், அது திடுமென முடிந்துவிட்டது என்று குறைகூறிய மடல்கள் ஆசிரியர்க்கும் வந்தன. கல்கி அவற்றைப் புறக்கணிக்கவில்லை. முடிவுரை ஒன்று எழுதினார். சமூகக் கதையை முடிப்பதற்கும் வரலாற்றுக் கதையை முடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அதில் எடுத்துக் காட்டினார். கதைமாந்தரின் பிற்கால வாழ்வு பற்றிய வினாக்கள் சிலவற்றுக்கு விடையும் தந்தார். படிப்போர் கருத்துக்கு நூலாசிரியர் ஒருவர் நூலின் இறுதியிலேயே மறுமொழி கூறிய இந்நிகழ்ச்சி தமிழ்ப் புதின வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. ஆயினும் வினாக்கள் ஓயவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். அவர் கையால் தொடர்ச்சி வருதற்கு இடமில்லாது போயிற்று; வினாக்களோ எஞ்சின.

எச்சம் இருவகை

எஞ்சி நிற்பதற்குத் தமிழ் இலக்கணம் தரும் பெயர் எச்சம். தொல்காப்பியர் எச்சவியலில் பத்து வகை எச்சம் கூறுவர். அவற்றுள் வினையெச்சமும் பெயரெச்சமும் முறையே வினையும் பெயரும் கொண்டு முடிவன. ‘வந்து’ என்று ஒருவன் நிறுத்தின், கேட்போன் மனம் ‘சென்றான்’ போன்ற ஒரு வினையை வேண்டி நிற்கும். அவ்வினை வந்தவுடன் வேட்கை தணியும். ஆனால் சொல், குறிப்பு, இசை என்னும் மூன்று எச்சங்களும் அத்தகையன அல்ல. அவற்றுக்குப் பின்னே வந்து முடித்து வைக்கும் சொல் இல்லை என்றும், அவை தத்தம் குறிப்பினாலேயே எஞ்சிய பொருளை உணர்த்தும் என்றும் அவ்விலக்கணம் பிரித்துரைக்கிறது.

சொற்றொடர்க்குக் கூறிய இப்பிரிவை நூலுக்கும் ஏற்றிக் காணலாம் என்பது எம் கருத்து. ஒரு கதையில் எஞ்சி நிற்பன இருவகைப்படும். அடுத்த நிகழ்ச்சியைக் கூறினால் முடிந்துவிடுவன ஒருவகை. இவை வினையெச்சம் போல்வன. மணம் நிகழ்ந்ததா, போர் வென்றதா, முடி யார் தலையில் ஏறிற்று என்பன இவ்வகை. எத்தனை நிகழ்ச்சி கூறினும் முடியாமல், படிப்போன் உள்ளத்திலேயே பொருள் நிரம்ப வேண்டுவன மற்றொரு வகை. இவை குறிப்பெச்சம் போல்வன. நந்தினியின் நெஞ்சில் இருந்தது பகையா காதலா என்பதும், கரிகாலன் சாவுக்கு உண்மையில் பொறுப்பாவார் யார் என்பதும் இவ்வகை.

கரிகாலன் கொலையை ஆசிரியர் ஐயத்துக்கு இடமாகவே விட்டிருக்கிறார். வந்தியத்தேவன்மேல் பழி வருகிறது, பெரிய பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்று உயிர் விடுகிறார், படிப்போன் தெளிவடைவதில்லை. வரலாறும் இவ்விடத்தில் முற்றுப்பெறாததே. உடையார்குடிக் கல்வெட்டு, கொலைக்குக் காரணமான துரோகிகளாகச் சோமன், ரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரைக் குறிக்கிறது. எனினும் அவரைத் தூண்டினார் உளரோ என்பதில் அறிஞர் வேறுபட்டனர். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேல் ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். வரலாற்றில் முற்றாததைக் கல்கி கதையில் முற்றுவிக்கவில்லை, குறிப்பாகவே நிறுத்தினார். முதற் கை நான்கு இடங்களில் எழுப்பிய வினாவுக்கு ஒரு பெயரை விடையாகத் தந்துவிட்டால், அவ்வினா அன்றே இறந்திருக்கும். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அது உயிரோடு இருப்பது விடை வராமையால் அன்றோ?

ஆகவே தொடர்நூல் பற்றிய குறைபாடுகளை இவ்வாறு வகுக்கலாம். ‘மேலே சொல்லுக’ என்போர் நூலில் வினையெச்சம் காண்கின்றனர். ‘இது அதுவன்று’ என்போர், குறிப்பெச்சத்தை வினையால் முடிக்கப் புகுந்த தொடர்நூலைக் கண்டு வெறுப்புறுகின்றனர். இருவர் கூற்றும் உண்மையே. அவர் சுட்டும் எச்சம் வேறு வேறு.

மருட்கையும் புதுமையும்

‘தொடர்நூல் முதல்நூல் போல் இல்லை’ என்னும் குறைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்றுப் புதினம் எனப்படினும், படிப்போரை அது பிணிப்பது பெரிதும் விந்தைக் கதையின் வழியாகவே. வானத்து வால்விண்மீன், நிலவறைகள், சுரங்க வழிகள், நந்தினியும் மந்தாகினியும் ஒருவர் போல் ஒருவர் தோன்றும் உருவொற்றுமை, காட்டுக் கோயிலில் மறைந்து கூடும் ஆபத்துதவிகள் ஆகிய இவையெல்லாம் மருட்கையை எழுப்புவன. மருட்கைக்குப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு நிலைக்களன் கூறி, புதுமையை அவற்றுள் முதற்கண் வைத்தார் தொல்காப்பியர். முன்னர்க் கண்டதை மீண்டும் காணும்போது பெருமை குறையாமல் இருக்கலாம், புதுமை இராது. தொடர்நூலின் ஆசிரியன் முதல்நூலின் சுரங்கத்தையே மீண்டும் திறப்பானாயின், படிப்போன் உள்ளே என்ன உண்டு என்பதை முன்பே அறிவான். ஆதலின் பழைய விந்தைகளையே நம்பி எழும் தொடர்நூல் தோற்பது ஆசிரியன் ஆற்றற்குறையால் மட்டும் அன்று. மருட்கையின் இயல்பாலும் ஆம்.

முடிசூட்டும் முடிவும்

முடிசூட்டு இல்லாமல் கதை முடிவது எவ்வாறு என்று கேட்ட மூன்றாவது கையை இனி நோக்குவோம். செட்டிநாட்டில் இவ்வினா எழுதல் இயற்கையே. சா. கணேசனார் 1939இல் காரைக்குடியில் தோற்றுவித்த கம்பன் கழகம் ஆண்டுதோறும் விழா எடுத்துவரும் பகுதி அது. கம்பரின் நினைவிடமாகப் போற்றப்படும் நாட்டரசன்கோட்டையும் அங்குத்தான் உள்ளது. இராமகாதை இராமன் முடிசூடுவதோடு நிறைவது. கதை கேட்போர் செவி அந்நிறைவுக்குப் பழகியது. அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கூறும் உத்தரகாண்டமும் தமிழில் உண்டு. ஒட்டக்கூத்தர் இயற்றியதாகக் கூறப்படும் அது அச்சிலும் வந்துள்ளது. எனினும் மக்கள் மனம் அதனைக் கம்பர் காவியத்தோடு ஒன்றாக வைத்துப் போற்றவில்லை. கதை முற்றியதென்று கேட்போர் உணர்ந்தபின் வந்த தொடர்ச்சி அது. கேட்போர் கருத்து ஒரு தொடர்நூலை ஒதுக்கி வைக்கும் வலிமை உடையது என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டா.

‘பொன்னியின் செல்வ’னிலும் முடிசூட்டு உண்டு. ஆனால் முடியைப் பெறற்குரியவன் அதனைத் தன் கையால் மற்றொருவன் தலையில் வைக்கிறான். இறுதிப் பகுதிக்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘தியாகச் சிகரம்’. அருள்மொழிவர்மன் 985இல் இராசராசனாக அரியணை ஏறியதைக் கதையின் முடிவாகக் காட்டியிருந்தால், தியாகம் ஒரு காத்திருத்தலாக மாறியிருக்கும். மூன்றாவது கை வேண்டிய தொடர்ச்சி, நூலின் தலையாய பொருளை அழித்துப் பெறவேண்டிய தொடர்ச்சி. மேலும், முடிசூட்டோடும் கல்கி நிறுத்தவில்லை. அதன்பின் சில இயல்கள் நடந்து, மணிமேகலையின் சாவில் நூல் முடிகிறது. கதை முழுதும் தன் அன்புக்கு மறுமொழி பெறாத ஒரு பெண்ணின் இழப்பை எல்லாவற்றுக்கும் பின்னே ஆசிரியர் வைத்தார். மருட்கையில் தொடங்கிய நூல் அழுகையில் முற்றுகிறது. இழவு அழுகைக்கு நிலைக்களன். இவ்விடத்தில் நிகழ்ச்சிகள் எஞ்சலாம், மெய்ப்பாடு எஞ்சவில்லை. “அழுதாச்சுல்ல” என்ற ஆச்சி கூறியது இதுவே. முற்று என்பதை அவர் நிகழ்ச்சியில் காணாது மெய்ப்பாட்டில் கண்டார்.

எச்சமாந்தரிலிருந்து எழும் தொடர்ச்சி

அவ்வாறாயின் தொடர்நூல் எதுவும் வெற்றி பெறாதோ? பெறும் என்பதற்குத் தமிழின் இரட்டைக் காப்பியங்களே சான்று. மணிமேகலைக் காப்பியம் சிலம்பின் கதைத் தொடர்ச்சி, ஆசிரியரும் வேறு. ஆயினும் தமிழுலகம் அதனை ஏற்றுக்கொண்டது. காரணம் தெளிவு. சாத்தனார் கண்ணகியின் வினையை மேலும் நீட்டவில்லை. அது மதுரையிலும் வஞ்சியிலும் முற்றிவிட்டது. அவர் எடுத்துக்கொண்டவள் மாதவியின் மகள். சிலம்பில் அவள் எஞ்சி நின்றவள். வினையால் அன்று, வாழ்வால் எஞ்சியவள். அவளுக்குப் புதிய நோக்கத்தையும், மணிபல்லவம், அமுதசுரபி முதலிய புதிய விந்தைகளையும் சாத்தனார் படைத்தார். எஞ்சிய நிகழ்ச்சியிலிருந்து எழுவதினும் எஞ்சிய மாந்தரிலிருந்து எழும் தொடர்நூல் வாழும் என்று இதிலிருந்து ஒரு விதி கொள்ளலாம்.

கல்கியின் நூல்களிலேயே இவ்விதி விளங்குகிறது. ‘கல்கி’ இதழ் தோன்றிய 1941இல் ‘பார்த்திபன் கனவு’ தொடங்கிற்று; ‘சிவகாமியின் சபதம்’ 1944இல் தொடங்கிற்று. பின்னர் எழுதப்பட்டதாயினும் ‘சபதம்’ கூறுவது முன் நிகழ்ந்த கதை. ‘கனவி’ல் சிவனடியார் கோலத்தில் உலவும் நரசிம்மவர்மர் முதலில் கதையை நடத்தும் ஒரு சூத்திரதாரியாகவே தோன்றுவார். ‘சபத’த்தைப் படித்தபின் அக்கோலத்தின்கீழ், வாதாபியை வென்றும் சிவகாமியை இழந்த ஒருவர் தெரிகின்றார். ‘கனவி’ல் ஒரு சொல்லும் மாறவில்லை, ஆயினும் நூல் மாறிவிட்டது. எஞ்சிய குறிப்பை விளக்கி அழிக்காமல், அதனை ஆழமாக்கிய தொடர்ச்சி இது.

பிறநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஆங்கிலத்தில் டோல்கீன் 1937இல் ‘ஹாபிட்’ என்னும் விந்தைக் கதையை வெளியிட்டார். படித்தோர் தொடர்ச்சி வேண்டினர். அவர் எழுதிய தொடர்ச்சி பெருகி 1954, 1955 ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்தது. அதற்காக முதல்நூலின் ஒரு படலத்தையே மாற்றி 1951 பதிப்பில் வெளியிட வேண்டியிருந்தது. முதற்கண் வெறும் விந்தைப் பொருளாக இருந்த மோதிரம் பின்னர்க் கொடும்பொருளாக வளர்ந்தமையே காரணம். ஒருவர் முதல்நூலைத் திருத்தினார். மற்றவர் திருத்தாமலே பொருளை மாற்றினார். இருவரிடத்தும் தொடர்ச்சி பின்னோக்கியும் பாய்ந்தது.

பிறர் கையில் தொடர்ச்சி

பிறர் தொடர்ந்தபோது நிலைமை வேறாயிற்று. அமுதசுரபி ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யைப் ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சியாகவே எழுதினார். நந்திபுரம் பழையாறை, நாயகி குந்தவை. கல்கி விட்ட இடத்திலிருந்து தொடங்கும் துணிவு பாராட்டற்குரியது. படிப்போர் பலர் கேட்ட வினாக்களுக்கு விடை தேடும் கடமையை அவர் ஏற்றார். ஆனால் அதே மாந்தர், அதே அரண்மனை, அதே உறவுகள் என்னும் தளையில் நின்று எழுதும் எந்த ஆசிரியனும் பழைய குரலோடு ஒப்பிடப்படுவதினின்று தப்ப இயலாது. ‘நாம் அறிந்த வந்தியத்தேவர் அல்லர்’ என்னும் தீர்ப்பு அவ்வொப்பீட்டின் விளைவு. நிகழ்ச்சியை ஒருவரிடமிருந்து மற்றொருவர் பெறலாம். பேச்சின் மிடுக்கைப் பெறுதல் அரிது.

அகிலன் ‘வேங்கையின் மைந்த’னில் வேறு வழி கண்டார். 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நூல் தன்னைத் தொடர்நூல் என்று கூறிக்கொள்வதில்லை. இராசேந்திர சோழர் காலத்தையும், கொடும்பாளூர் இளங்கோ என்னும் இளைஞனையும் நடுவே வைத்து அது இயங்குகிறது. வல்லவரையர் வந்தியத்தேவர் அங்கு முதியவராக, வழிகாட்டியாக வருகிறார். குதிரைமேல் வீரநாராயண ஏரிக்கரையில் வந்த இளைஞனை அறிந்த படிப்போன், இம்முதியவரைக் காணும்போது இடைப்பட்ட ஆண்டுகளைத் தானே நிரப்பிக்கொள்கிறான். குறிப்பெச்சம் குறிப்பாகவே நிற்கிறது. மூன்றாவது கை இராசராசன் முடிசூட்டில் தேடிய நிறைவை, இம்முதுமையில் ஒருகால் கண்டிருக்கக்கூடும்.

இயக்குநர் மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரு பகுதிகளாக எடுத்த திரைப்படமும் இவ்வாராய்ச்சிக்கு ஒரு சான்று. இரண்டாம் பகுதியில், சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன் என்னும் திருப்பம் விடப்பட்டது. மணிமேகலை என்னும் பாத்திரமே இல்லை. நூலைப் படித்தோர் பலர் குறைபட்டனர். அக்குறை பழைமைப் பற்றால் எழுந்ததென்று தள்ளிவிடலாகாது. மணிமேகலை இல்லையேல் நூலின் இறுதி மெய்ப்பாடே இல்லை. முற்றை நீக்கிய வாக்கியம் போல் ஆகிவிடும். படிப்போர் அதனை இலக்கணப் பெயரால் கூறவில்லை, உணர்ந்து கூறினர்.

மறுப்பும் விடையும்

ஓரக் குறிப்பையும் ஒரு மூதாட்டியின் சொல்லையும் கொண்டு விதி வகுத்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். அவை விதிக்குச் சான்று அல்ல என்பதை ஒப்புகின்றோம்; விதிக்குச் சான்று நூல்களின் அமைப்பே. ஆனால் எவ்விடத்தை நோக்குதல் வேண்டும் என்று எமக்குக் காட்டியவை அவைதாம். முடிவு திடுமென வந்தது என்னும் குற்றச்சாட்டைத் திறனாய்வாளர் பலர் அமைப்புக் குறையாகவே எடுத்துப் பேசினர். அக்குற்றச்சாட்டுக்குள் இருவேறு எச்சங்கள் கலந்து கிடப்பதை, நால்வர் கையெழுத்தும் தனித்தனியே நின்றமையால் அன்றோ யாம் பிரித்தறிய முடிந்தது?

இத்தகைய சான்றுகள் நாள்தோறும் அழிந்துவருகின்றன. செட்டிநாட்டுப் பெருவீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன; சில இடிக்கப்படுகின்றன. தூணும் கதவும் விலைபோகும்போது, பெட்டகத்துத் தொகுதிகள் பழந்தாள் நிறுவைக்குச் செல்கின்றன. பள்ளத்தூரை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனி ஒருவர் திரட்டிய நூல்களும் இதழ்களுமே, அவர் 1992இல் மறைந்தபின், சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படை ஆயின என்பதை நினைவுகூர்தல் வேண்டும். அச்சிட்ட நூல் ஒன்று அழியின் மற்றொரு படி கிடைத்தல் கூடும். ஓரத்தில் எழுதிய கருத்துக்கு வேறு படி இல்லை.

முதுகலை மாணவர்கள் தத்தம் ஊர்களில் இத்தொகுதிகளைத் தேடி, ஓரக் குறிப்புகளைப் படியெடுத்து, எழுதியோர் உளராயின் அவரிடம் வினவிப் பதிவு செய்வாராயின், புதின ஆராய்ச்சிக்கு ஒரு புதிய துறை திறக்கும். தொடர்நூல் நன்றா தீதா என்று தீர்ப்புக் கூறுவதற்கு முன், முதல்நூலில் எஞ்சியது வினையா குறிப்பா என்று கேட்டறிதல் வேண்டும். பள்ளத்தூர்த் தொகுதியில் வினா எழுப்பிய மூன்று கைகளுக்கு உரியவரை இன்று அறிவார் இல்லை. கோடிட்ட ஆச்சி இருக்கிறார். அவர் போன்றோரைக் கேட்டறியும் காலம் மிகக் குறுகியது.